குருதித் துளியும் கொழுந்துக் கூடையும்

நோயைத் தேர்ந்த பின்னரே மருந்தை நாடல் வேண்டும் என்பது தமிழ் மக்களுக்குப் புதிய கொள்கையன்று. சித்த மருத்துவர் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எட்டு வகையால் நோயைத் தேர்ந்தனர். காலையில் எடுத்த சிறுநீரின் நிறம், மணம், நுரை முதலியவற்றை நோக்குவதை நீர்க்குறி என்றனர். அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை இட்டு, அத்துளி நீள்கின்றதா, வளையமாகப் பரவுகின்றதா, முத்தாக நிற்கின்றதா எனக் காண்பதை நெய்க்குறி என்றனர். உடலினின்று வெளிப்போந்த ஒரு பொருள் உடலினுள்ளே நிகழ்வதை உரைக்கும் என்னும் எண்ணமே இவ்விரண்டுக்கும் அடிப்படையாகும். இன்றைய மருத்துவ ஆய்வுகூடமும் அவ்வெண்ணத்தின் மீதே நிற்கின்றது. கருவிகள் மாறின, அளவைகள் நுண்மையுற்றன, நோக்கம் மாறவில்லை.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அதனை அருகிருந்து இயற்றிக் கொடுப்பவன் என்பன அவை. இந்நான்கனுள் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருக்கும் ஆய்வுகூடத்தாரை எங்கே வைத்து எண்ணுவது? நோயைத் தீர்ப்பவனுக்குக் கண்ணாக நிற்பவர் ஆதலின் அவனோடு வைத்து எண்ணத்தக்கவர் அவர் என்பது எமது கருத்து. நோயாளி பெரும்பாலும் அவர் முகத்தைக் காண்பதில்லை. எனினும் அவர் எழுதியனுப்பும் ஓர் எண்ணைக் கொண்டே மருந்தும் அதன் அளவும் முடிவாகின்றன.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் அத்தொழிலை மேற்கொண்டோரும் உளர். தம் பிள்ளைகளை அதற்கு அனுப்ப எண்ணுவோரும் உளர். தமிழ் கற்பிப்போராகிய நாம் அத்துறையில் வல்லேம் அல்லேம். ஆயினும் ஆய்வுகூட அறிவின் அடிப்படைகள் யாவரும் விளங்கிக்கொள்ளத் தக்கவை. அட்டனிலும் நுவரெலியாவிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் மக்களுக்கு அவை வாழ்க்கையோடு ஒட்டியவையும் ஆகும். ஆகவே பலவற்றைத் தொட்டுச் செல்லாது, குருதிச்சோகை என்னும் ஒன்றையே எடுத்துக்கொண்டு அதன்வழி அவ்வடிப்படைகளை ஒருமுறை மீள நோக்குவோம்.

குருதியின் கூறுகள்

நாளத்தினின்று எடுத்த குருதியை உறையாவண்ணம் காத்து ஒரு குழாயில் நிறுத்திவைப்பின் அது இரு பகுதியாகப் பிரியும். மேலே நிற்பது வைக்கோல் நிறமான திரவவிழையம். கீழே படிவன குருதிக் குழியங்கள். உறையவிட்ட குருதியினின்று பிரியும் தெளிந்த நீரோ நீர்ப்பாயம் எனப்படும். உறைதலுக்கு வேண்டிய நாராக்கும் புரதம் திரவவிழையத்தில் உண்டு, நீர்ப்பாயத்தில் இல்லை. இவ்வேறுபாட்டை அறியாதார் எந்தச் சோதனைக்கு எந்தக் குழாய் என்பதை அறியார்.

குழியங்களுள் செங்குழியமே மிகப் பல. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 50 இலட்சம் செங்குழியங்கள் உள. வெண்குழியங்கள் 4,000 முதல் 11,000 வரையும், குருதிச் சிறுதட்டுக்கள் 1,50,000 முதல் 4,00,000 வரையும் இருத்தல் இயல்பு. செங்குழியம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் வாழும். அதனுள் நிறைந்திருக்கும் ஈமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதமே நுரையீரலிலிருந்து ஒட்சிசனைச் சுமந்துசென்று தசைகளுக்கு வழங்குகின்றது. அப்புரதத்தின் நடுவே அமைந்திருப்பது இரும்பு. இரும்பு குறையின் ஈமோகுளோபின் குறையும்; அது குறையின் தசைக்கு ஒட்சிசன் போதாது. செங்குத்தான மலையில் ஏறிக் கூடை சுமக்கும் பெண்ணின் கால் ஏன் தளர்கின்றது என்னும் வினாவுக்கு விடை இச்சங்கிலியின் ஏதேனும் ஒரு கண்ணியில் இருத்தல் கூடும்.

துளியை அளக்கும் முறை

ஈமோகுளோபினை அளப்பதற்கு முற்காலத்தில் வழங்கியது சாலியின் முறை. விரல் நுனியில் குத்தி 0.02 மில்லிலீற்றர் குருதியை நுண்குழாயில் உறிஞ்சி, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் இடுவர். சிவப்பு கபில நிறமாக மாறும். பின்னர் துளித்துளியாக நீர் சேர்த்து, அருகிலுள்ள கபிலக் கண்ணாடியின் நிறத்தோடு ஒக்கும்வரை அதனை மங்கச்செய்து அளவை வாசிப்பர். முடிவு கூறுவது மனிதக் கண்ணே ஆதலின் இருவர் வாசித்தால் இரு விடை வருவதுண்டு. மங்கலான வெளிச்சத்திலும் விடை மாறும்.

இக்குறையை நீக்க வந்தது சயன்மெதீமோகுளோபின் முறை. குருதியைச் சயனைட்டுக் கரைசலில் இட்டு நிலையான நிறமொன்றாக மாற்றி, 540 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை அதனூடு செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகின்றது என்பதை மானியால் அளப்பர். 1960களில் இம்முறை உலகப் பொது நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதற்கிடையே 1953இல் வாலஸ் கூல்ற்றர் என்பார் குழியங்களை ஒவ்வொன்றாக நுண்துளையொன்றினூடு செலுத்தி மின்றடையின் மாற்றத்தால் எண்ணும் முறைக்கு அமெரிக்காவில் உரிமைப்பத்திரம் பெற்றார். இன்று பெரிய வைத்தியசாலைகளில் சில கணத்தில் முழுக்குருதி எண்ணிக்கையைத் தரும் பொறிகளுக்கு அதுவே முன்னோடி.

அளந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? கருவுறாத வளர்ந்த பெண்ணுக்கு ஒரு தெசிலீற்றருக்கு 12 கிராமும், ஆணுக்கு 13 கிராமும் கீழ் எல்லை என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஆனால் இவ்வெல்லை கடல்மட்டத்தை அண்டி வாழ்வோருக்கே உரியது என்பதை மலையகத்தார் மறத்தலாகாது. உயரம் கூடக்கூடக் காற்று ஐதாகும். ஒட்சிசன் குறைந்த காற்றில் வாழ்வோரின் உடல் அதனை ஈடுசெய்யக் கூடுதலான ஈமோகுளோபினை ஆக்கிக்கொள்ளும். ஆகையால் எல்லையையும் உயர்த்துதல் வேண்டும். 2024இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியின்படி, 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் வாழ்பவருக்கு இவ்வுயர்வு ஏறக்குறைய 1 கிராம். கொழும்பிலே 12.5 கிராம் உடைய பெண் குறையற்றவள். அதே எண் நுவரெலியாவில் வாழும் பெண்ணுக்குக் குறையின் அறிகுறியாகும்.

இங்கே மற்றுமோர் அடிப்படையையும் நினைவுகூர்தல் நன்று. இயல்பளவு என அறிக்கைகளில் அச்சிடப்பெறும் எல்லைகள் பல, நலமுள்ள மக்கள் 100 பேரை அளந்தால் 95 பேர் அடங்கும் வீச்சாக வகுக்கப்பட்டவை. அவ்வாறாயின் நலமுள்ளோருள்ளும் ஐவர் அதற்குப் புறம்பே நிற்பர் என்பது பெறப்படும். எல்லையைச் சிறிது தாண்டிய எண்ணைக் கண்டு நடுங்குதலும் தவறு; எல்லைக்குள் அடங்கியது என்பதொன்றைக் கொண்டு நோயில்லை எனத் துணிதலும் தவறு.

காரணத்தைத் தேடல்

குருதிச்சோகை நோயின் பெயரன்று. அஃது ஒரு குறி. அதன் காரணத்தைத் தேடுவதே ஆய்வுகூடத்தின் அடுத்த பணி. கண்ணாடித் தகட்டில் ஒரு துளியை மெல்லிதாகப் பரப்பிச் சாயமூட்டி நோக்கினால் செங்குழியத்தின் உருவம் தெரியும். இரும்புக் குறைவில் குழியங்கள் சிறுத்து, நடு வெளிறித் தோன்றும். பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறுடையோரிலும் குழியம் சிறுத்தே காணப்படும். இவ்விரண்டையும் வேறுபடுத்த, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் அளவும், ஈமோகுளோபின் வகைகளின் பிரிப்பும் வேண்டும். இரண்டையும் மயங்கக் கொள்வோர், இரும்பு வேண்டாதவருக்கு மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பர்.

போலிக்கமிலமோ விற்றமின் பி12 என்பதோ குறையின், மாறாகக் குழியங்கள் பருத்துத் தோன்றும். 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், கருவுற்ற பெண்களிடையே, சிறப்பாக ஆலைத் தொழிலாளரிடையே, கண்ட குருதிச்சோகை மதுவச்சாற்றினால் மாறுவதை நிறுவி 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலுள்ள பொருளே பின்னர் போலிக்கமிலம் எனப் பெயர்பெற்றது. 1941இல் அது பசளிக்கீரை வகையொன்றின் இலையிலிருந்து பிரிக்கப்பட்டது. இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று அதன் பெயர் பிறந்தது. இன்று எந்தத் தோட்டத்துக் கருவுற்ற தாய்க்கும் வழங்கப்படும் சிறு மாத்திரையின் பின்னே இவ்வரலாறு உண்டு.

கொளுக்கிப்புழுவின் கணக்கு

மலையகத்தின் குருதிச்சோகையைப் பேசுங்கால் கொளுக்கிப்புழுவைப் பேசாது விடல் இயலாது. 1 சதமமீற்றர் அளவான இப்புழு சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உண்ணும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் வெம்மையும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கும். இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக் குருதியிற் கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டைவழி விழுங்கப்பட்டுக் குடலைச் சேரும். தோலின் வழியே புழு புகும் என்பதைக் கெயிரோ நகரில் ஆராய்ந்த லூஸ் என்பார் 1898இல் தற்செயலாகக் கண்டார். புழுக்கள் நிறைந்த நீர் அவர் கைமேற் சிந்தியதே அதற்குக் காரணம்.

அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் இப்புழுவை ஒழிக்கும் பணியை 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கினர். தொழிலாளர் அனைவரின் மலமும் நுணுக்குக்காட்டியால் ஆராயப்பட்டது. மிகப் பெரும்பாலோரிடம் புழு இருத்தல் கண்டு மருந்து கொடுக்கப்பட்டது. இலங்கையின் தோட்டங்களில் ஆய்வுகூடம் ஒரு மக்கட்கூட்டத்தையே முழுதாக நோக்கிய முதற் பெருமுயற்சிகளுள் இதனை வைத்து எண்ணலாம். ஆயின் மருந்துண்டவர் மீண்டும் புழுவேற்றனர். லயன்களுக்கு மலகூடம் கட்டாமல், வெறுங்காலோடு வேலை வாங்கிக்கொண்டு, மருந்தினால் மட்டும் நோயை நீக்குதல் எங்ஙனம் கூடும்? நுணுக்குக்காட்டி காரணத்தைக் காட்டியது. அக்காரணத்தை நீக்கும் செலவை ஏற்கத் தோட்டத்துரைமார் பலர் தயங்கினர்.

இதனைக் கணக்காகக் காண்போம். நம் நாட்டில் காணப்படும் நெக்கற்றர் என்னும் இனத்தைச் சேர்ந்த புழுவொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியை இழக்கச்செய்யும். 100 புழுக்கள் இருப்பின் இழப்பு 3 மில்லிலீற்றர். தெசிலீற்றருக்கு 12 கிராம் ஈமோகுளோபின் உள்ள பெண்ணுக்கு அது 0.36 கிராம் ஈமோகுளோபினாகும். ஒரு கிராம் ஈமோகுளோபினில் உள்ள இரும்பு 3.4 மில்லிகிராம். ஆகவே நாள்தோறும் இழப்பது 1.2 மில்லிகிராம் இரும்பு. இதிற் சிறு பகுதியைக் குடல் மீள உறிஞ்சினும், நாள் முழுவதும் உண்ணும் உணவிலிருந்து உடல் பெறும் இரும்பே 1 முதல் 2 மில்லிகிராம் வரைதான் என்பதை நோக்குக. மாதவிலக்கும் மகப்பேறும் பாலூட்டலும் உடையவளுக்கு மிச்சம் யாது?

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குளிர் கூடக்கூட இப்புழுவின் இளம்பருவம் மண்ணில் வளர்தல் தடைப்படும். ஆதலால் உயர்மலையில் சோகையுற்றவரைக் கண்டவுடன் புழுவெனத் துணிதலாகாது. மலத்தை நோக்கியே முடிவுசெய்தல் வேண்டும். நோக்கும்போதும் காலம் அறிதல் வேண்டும். கிளிசரின் இட்டுத் தடிப்பாகப் பரப்பி முட்டைகளை எண்ணும் முறையில், கொளுக்கிப்புழுவின் மெல்லிய முட்டைகள் ஒரு மணித்தியாலத்துக்குள் கரைந்ததுபோல் மறைந்துவிடும். பகலுணவுக்குப் பின் பார்க்கலாம் எனத் தட்டை ஒதுக்கிவைத்தவர் இல்லை என எழுதுவார். உண்மையோ வேறாக இருக்கும்.

எண்ணும் எடையும்

தோட்டங்களிலே கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழும். குறைவாக எடுத்தவளைச் சோம்பேறி என்று ஏசுதலும் பழகிய வழக்கு. இவ்வழக்கை ஆய்வுகூடம் ஒருமுறை நேருக்கு நேர் விசாரித்தது. எட்ஜர்ட்டன், சேனவிரத்ன முதலிய ஆய்வாளர் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களின் ஈமோகுளோபினை அளந்து, சிலருக்கு இரும்பு மாத்திரையும் சிலருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்து, அவர்கள் நாள்தோறும் எடுத்த கொழுந்தின் நிறையை ஒப்பிட்டனர். 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான அவ்வாய்வின் முடிவு தெளிவானது. ஒரு மாதத்தின் பின், இரும்பினால் ஈமோகுளோபின் உயர்ந்தோர் கூடுதலான கொழுந்து எடுத்தனர். 6 முதல் 9 கிராம் வரையே கொண்டிருந்தவர்களிடம் அவ்வுயர்வு மிகுதியாகக் காணப்பட்டது. வேலை முடிந்த பின்னும் அவர்கள் முன்னையிலும் சுறுசுறுப்பாக நடமாடினர் என்பதும் பதிவாயிற்று.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அதே பெண், அதே மலை, அதே கூடை. மாறியது குருதியிலுள்ள இரும்பு ஒன்றே. சோம்பல் எனப் பெயரிடப்பட்டது பற்றாக்குறையாக இருந்தது. தராசு கூடையை மட்டும் நிறுத்தது. கூடை சுமந்தவளின் குருதியை நிறுக்க ஆய்வுகூடம் வேண்டியிருந்தது. நம்போன்ற ஆசிரியருக்கும் இதிற் படிப்பினை உண்டு. பின்வாங்கில் உறங்கி வழியும் பிள்ளையின் மீது பிரம்பை ஓங்குமுன், அவன் கண்ணிமையின் உட்புறம் வெளிறியுள்ளதா எனக் காண்பது தகும்.

தேயிலையைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். உணவோடு சேர்த்துப் பருகும் தேநீரிலுள்ள பொலிபீனோல்கள் தாவர உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலுக்குச் சேரவிடாது தடுக்கும். ரொட்டியும் சாயத்தண்ணியும் என்பது நம் லயன்களின் காலையுணவு. தேநீரை உணவுக்கு ஒரு மணித்தியாலமேனும் தள்ளிப் பருகி, உணவோடு தேசிப்புளியோ கொய்யாப்பழமோ சேர்த்துக்கொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். இதற்குச் செலவு அதிகமில்லை, அறிதலே வேண்டுவது.

பிழை புகும் வாயில்கள்

எவ்வளவு நுட்பமான பொறியாயினும் அதற்குக் கொடுக்கப்படும் குருதி பிழையானால் விடையும் பிழையே. முதல் வாயில் பெயர். தோட்டங்களில் ஒரே பெயருடையோர் பலர். தந்தை பெயர், பிறந்த திகதி, பதிவெண் என்பவற்றை நோயாளியின் முன்னிலையிலேயே குழாயில் எழுதுதல் வேண்டும். குருதி ஏற்றும்போது இப்பிழை உயிரைக் கொல்லும். 1901இல் லான்ஸ்ரைனர் குருதி வகைகளைப் பிரித்துக் காட்டிய பின்னும், வகையறியாமையால் அன்றிப் பெயர் மாறுதலால் இறந்தோர் உலகெங்கும் உளர்.

இரண்டாம் வாயில் குழாய். ஊதா மூடிக் குழாயில் உறைதலைத் தடுக்கும் ஈ.டீ.டீ.ஏ. உண்டு, அது குழிய எண்ணிக்கைக்கு உரியது. நீலமூடியில் உள்ள சித்திரேற்று உறைதற் சோதனைக்கு உரியது; 9 பங்கு குருதிக்கு 1 பங்கு என்னும் அளவு தவறலாகாது. சாம்பல் மூடியில் உள்ள புளோரைட்டு குளுக்கோசைக் காப்பது. அஃதின்றி வைத்த குருதியில் குழியங்கள் குளுக்கோசை உண்ணுதலால் மணித்தியாலத்துக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை குறையும். மூன்றாம் வாயில் காலம். தோட்டத்து மருந்தகத்தில் எடுத்த குருதி வளைந்து வளைந்து செல்லும் பாதையில் குலுங்கி வைத்தியசாலையை அடையுமுன் செங்குழியங்கள் உடைந்தால், உள்ளிருக்கும் பொற்றாசியம் வெளிப்பட்டுப் பொய்யான உயர்வைக் காட்டும். 2017 மே மாதத்தில் இந்திய உதவியுடன் 150 படுக்கைகளோடு டிக்கோயாவில் திறக்கப்பட்ட வைத்தியசாலை போன்றவை தோட்டங்களுக்கு அண்மையில் அமைவதன் பயன்களுள் இத்தூரம் குறைதலும் ஒன்று.

நான்காவது, பொறியின் பிழை. கொழுந்து நிறுக்கும் தராசு எப்போதும் 1 கிலோ குறைத்தே காட்டின் அது நிலையான பிழை. ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் காட்டின் அது சிதறிய பிழை. முன்னையதைத் திருத்தி அமைக்கலாம். பின்னையதை நம்பவே இயலாது. ஆய்வுகூடத்தில் நாள்தோறும் காலையில் அளவு தெரிந்த மாதிரியொன்றை முதலில் அளந்து, வரைபடத்தில் புள்ளியிட்டு, அது எல்லைக்குள் வீழ்ந்த பின்னரே நோயாளியின் குருதியைத் தொடுதல் வேண்டும். 1950இல் லீவி, ஜெனிங்ஸ் என்னும் இருவர் மருத்துவ ஆய்வுகூடத்துக்குள் கொணர்ந்த இவ்வழக்கம் இன்றும் மாறாது நிலைபெற்றுள்ளது.

நம் நாட்டு மரபு

இத்துறையில் இலங்கைக்கு நெடிய மரபுண்டு. கொழும்பிலே 1903 முதல் 1915 வரை பணியாற்றிய கஸ்ரெல்லானி என்னும் இத்தாலியர், நம்மவர் பறங்கி என வழங்கிய புண்ணோயின் கிருமியை 1905இல் இங்கேதான் கண்டார். அவர் பணிசெய்த நுண்ணுயிர் ஆய்வு நிலையத்தின் வழியில் வளர்ந்ததே இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிலையம். ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் பலர் அங்கே பயிற்சி பெற்றோர். பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் இதற்கெனப் பட்டப்படிப்பும் நடைபெறுகின்றது. அப்படிப்புக்குச் செல்லும் வழி உயர்தரத்தில் உயிரியல், இரசாயனம், பௌதிகம் என்பவற்றைக் கற்பதே. தோட்டத்துப் பாடசாலைகள் பலவற்றில் அப்பாடங்களுக்கு ஆசிரியரும் நுணுக்குக்காட்டியும் போதாமை யாவரும் அறிந்தது.

விழா எடுக்கும் வேளையில் பழைய மாணவர் மண்டபமும் வாயிலும் கட்ட எண்ணுதல் இயல்பே. அவற்றோடு நல்ல நுணுக்குக்காட்டிகள் சிலவற்றையும் தோட்டத்துப் பாடசாலைகளுக்கு வழங்க எண்ணுவார்களாக. கொழுந்து எடுப்பவளின் மகள் தன் தாயின் குருதியைத் தானே சாயமூட்டி நோக்கி, அதன் குறையைத் தமிழில் தாய்க்கு விளங்கவுரைக்கும் நாள் வருதல் வேண்டும். அதற்குரிய படியை அமைத்தல் நம் கைக்கு எட்டாத செயலன்று.